இருக்கதச் சொல்லு

அவளிடம் 'இல்லை' என்று சொல்லிவிட்டுத் தப்பித்த ஆள் எங்கள் வகுப்பில் கிடையாது.

கல்லூரிக் கடைசி ஆண்டில் எங்கள் குழுவின் குறும்படத்தை அவள்தான் இயக்கினாள். நான் ஒலிப்பதிவு. படப்பிடிப்பு என்றாலே ஏதாவது ஒன்று இல்லாமல் போவதுதான். குடை இல்லை, பேட்டரியில் சார்ஜ் இல்லை, வரச்சொன்ன வேன் வரவில்லை. எதைப் போய்ச் சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும். "இல்லாததச் சொல்லாத லே. இருக்கதச் சொல்லு."

அவள் அப்பாவுக்கு முத்தையாபுரத்தில் பலசரக்குக் கடை. கேட்ட சாமான் தீர்ந்துபோயிருந்தாலும் கடையில் நின்றுகொண்டு 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டமாம். துவரம்பருப்பு கேட்டு அது தீர்ந்திருந்தால், பாசிப்பருப்பு புதுசா வந்திருக்கு அண்ணாச்சி என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவள். வாயில் அந்தச் சொல் வராமலே போய்விட்டது.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஒலிப்பதிவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணமே, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதுதான். அவளுடன் வேலை செய்த நாலு மாதமும் எனக்கு ஒரே பயம். அடுத்து என்ன இல்லாமல் போகும், அதற்குப் பதிலாக இவள் எதை எடுப்பாள் என்ற பயம். பெரும்பாலும் என்னைத்தான் எடுத்தாள்.

முதல் நாளே அது நடந்தது. முத்துக்குளிக்கக் கடலில் இறங்கிய குளியாளின் மனைவி கரையில் காத்து நிற்கும் காட்சி. நடிக்க வந்த ஜூனியர் பெண்ணின் அப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருக்கதச் சொல்லு என்றாள் அவள். சேலை இருக்கு, குடம் இருக்கு என்று யாரோ சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

அரை மணி நேரத்தில் நான் சுங்குடிச் சேலை கட்டி, இடுப்பில் குடத்துடன், கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். முதுகு மட்டும்தான் தெரியும் என்று அவள் சத்தியம் செய்திருந்தாள். எங்கள் பெரியப்பா சாயங்காலம் நடக்க வருகிற கடற்கரை அது. தெரிந்த தலை ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பயந்து பயந்து நான் வைத்த ஒவ்வொரு அடியும், புருஷனை நினைத்துப் பயப்படுகிற பெண்ணின் நடையாகப் படத்தில் அப்படியே விழுந்திருந்தது. பார்த்தவர்கள் யார் அந்தப் பெண் என்று கேட்டார்கள்.

அன்று சாயங்காலமே அவள் அந்த ஜூனியர் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். உங்களிடம் கேட்காமல் பெண்ணைக் கூப்பிட்டது என் தப்பு என்று அந்தப் பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். போகச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை. அவர் திட்டினாரா என்று கேட்டதற்கு, ஆமாம், நல்லாத் திட்டினார் என்றாள். அப்போது எனக்கு அது வேண்டாத வேலையாகத்தான் பட்டது.

இன்னொரு நாள் துறைமுகச் சாலையில் ஒரு காவலாளி எங்களை நிறுத்தினார். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினோம், என்ன எடுத்தோம் என்று கேட்டு, எல்லாரையும் நிழலில் உட்காரவைத்துவிட்டார். அவர் கேட்டது நியாயம்தான். போலீஸ், கல்லூரி, அப்பா என்று என் மனசு வரிசையாக ஓடியது. அவளோ எடுத்த ஒவ்வொன்றையும் அவரிடம் போட்டுக் காட்டினாள். காட்டி முடித்ததும் அவர் குரல் நல்ல கனமான குரல் என்று கண்டுபிடித்தாள். எங்கள் படத்தில் ஒரு அப்பா வீட்டுக்குள்ளிருந்து மகனைக் கூப்பிட வேண்டும். அந்தக் குரலுக்கு ஆள் கிடைக்காமல் இருந்தோம். பத்து நிமிடத்தில் அந்த அண்ணாச்சி என் மைக்கின் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்.

இதையெல்லாம் பார்த்தவர்கள் அவளுக்குப் பயமே கிடையாது என்பார்கள். எனக்கு மட்டும் வேறு விதமாகத் தெரியும்.

அவள் இடது மணிக்கட்டில் எப்போதும் ஒரு ரப்பர் பேண்ட் கிடக்கும். பொட்டலம் கட்டுவதற்குக் கடையில் வைத்திருக்கிற சாதாரண ரப்பர் பேண்ட். சிக்கல் ஒன்று வந்து, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், வலது கை விரல் அதை இழுத்து விடும். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடக் கேட்காது. என் ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும். ஸ்கூட்டர் வந்து நின்றபோது கேட்டது. காவலாளி கையைக் காட்டியபோது இரண்டு தரம் கேட்டது. பதிவுகளைச் சுத்தம் செய்யும்போது அந்த 'டப்'பை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பது எனக்கு ஒரு தனி வேலையாகவே இருந்தது. அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கழற்றிவிடுவாள் என்று தோன்றியது. அவளும் பயப்படுகிறாள் என்று தெரிந்துகொள்வது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

எங்கள் படம் ஒரு கயிற்றைப் பற்றியது. இந்தக் கரையில் முத்துக்குளி நடந்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிக்கிறவன் அவன் மனைவியின் கூடப்பிறந்தவனாக இருப்பான். மச்சான் கையில்தான் கயிறு. கூடப்பிறந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள். தன் தங்கை தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்ற கணக்கு. குளியாளும் மச்சானும் பேச்சில்லாமல் இருக்கிறார்கள், இருந்தும் கயிறு மச்சான் கையில்தான் கொடுக்கப்படுகிறது. இதுதான் அவள் எழுதிய கதை.

குளியாளாக நடித்தவர் சூசை அண்ணன். திரேஸ்புரத்தில் வீடு. நாற்பது வயதிருக்கும். முத்துக்குளி அவர் பிறப்பதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. அவர் சங்கு குளிக்கிறவர். முகத்தில் கண்ணாடியும் வாயில் காற்றுக் குழாயுமாக இறங்கிப் பழகியவர். எங்களுக்காகப் பழைய முறையில், கல்லில் காலை வைத்து, இடுப்பில் கயிற்றைக் கட்டி, மூச்சைப் பிடித்து இறங்கச் சம்மதித்தார். மச்சானாக நடித்தது அவருடைய சொந்த மச்சான் அந்தோணி அண்ணன். நாங்கள் கடலுக்குப் போன வள்ளமும் அவருடையதுதான். மூச்சு முட்டினால் சூசை அண்ணன் கீழேயிருந்து கயிற்றை இரண்டு தரம் வெடுக்கென்று வெட்டி இழுப்பார், யோசிக்காமல் தூக்க வேண்டும் என்று இருவரும் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

கடைசிக் காட்சிக்காகச் சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் கடலில் நின்றோம். ஐந்து பாகம் ஆழம். ஒரு பாகம் என்பது ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். அதைக் கேட்டதிலிருந்து நான் மனசுக்குள் ஐந்து ஆட்களை ஒருவருக்குக் கீழ் ஒருவராக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரை ஒரு கோடாகத்தான் தெரிந்தது.

முதலில் கேமராமேன் பிரவீன் விழுந்தான். எட்டயபுரத்துக்காரன், கடலில் அதுதான் முதல் தடவை. வள்ளத்தின் அடியில் குப்புறப் படுத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவள் கேமராவை வாங்கிக்கொண்டாள். அடுத்து, காலில் வைக்கிற சின்னக் கல்லைக் கரையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தோம். வள்ளத்தில் நங்கூரத்துக்குத் துணையாகக் கிடந்த கருங்கல் ஒன்று இருந்தது. அதன் எடை இரண்டு மடங்காவது இருக்கும். சூசை அண்ணன் அதிலேயே கயிற்றில் ஒரு வளையம் போட்டு, காலை நுழைத்துப் பார்த்து, சரி என்றார். மூன்றாவதாக, எஞ்சின் விசிறியில் கிழிந்த வலைத்துண்டு ஒன்று சுற்றிக்கொண்டது.

நங்கூரம் போட்டிருந்ததால் வள்ளம் அங்கேயே நின்றது. ஆனால் வலையை அறுக்காமல் கரைக்குத் திரும்ப முடியாது. அந்தோணி அண்ணன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்பக்கம் தண்ணீரில் இறங்கினார். தான் வருகிறவரை சூசையை இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

'டப்.'

சூரியன் ஒரு முழம் மேலே இருந்தது. இன்னும் பத்து நிமிடம்தான் அந்த வெளிச்சம் இருக்கும். இன்னொரு நாள் வள்ளம் கிடைக்காது, அவர்களுக்கும் வேலை இருக்கிறது, படத்தைக் கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. அவள் வள்ளத்துக்குள் ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்வை என்மேல் வந்து நின்றது.

மச்சானுக்கு ஒரு தம்பி இருந்தான் என்று வைத்துக்கொள்வோம் என்றாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். நீருக்கு அடியில் பதிவதற்கு உனக்கு என்ன சத்தம் இருக்கிறது என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கதையை அவள் எழுதும்போது நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பேசிப் பேசிப் பார்த்திருந்தோம். கயிறு யார் கையில் இருக்க வேண்டும் என்று அந்த வள்ளத்தில் எங்களைவிட அதிகம் பேசியவர்கள் இல்லை.

சூசை அண்ணன் சிரித்தார். "தம்பி பிடிக்கட்டும். ரெண்டு தரம் வெட்டுனா தூக்கு, அவ்வளவுதான். மெர்சிகிட்ட மட்டும் சொல்லிராதீக." மெர்சி அவர் மனைவி.

அவள் என்னிடம் மெதுவாக ஒன்று சொன்னாள். "நான் கை காட்டுத வரைக்கும் கயித்த இழுக்காத. கடலையே பாரு."

இப்படி என் கையில் ஒரு கயிறும் காதில் இரண்டு உத்தரவுகளும் இருந்தன. சூசை அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மூச்சை இழுத்து, கல்லோடு கீழே போனார்.

கயிறு என் உள்ளங்கையில் உரசிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. கீழே கல் தரை தட்டிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் பச்சையாக இருந்தது, எதுவும் தெரியவில்லை. பின்பக்கம் அந்தோணி அண்ணன் முங்குவதும் எழும்புவதும் கேட்டது. பிரவீன் முனகிக்கொண்டிருந்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபதுக்குக் கொஞ்சம் மேலே போனபோது கயிறு என் கையில் வெட்டியது. உடனே இன்னொரு தரம்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கண் கேமராவில் இருந்தது. இடது கை உயர்ந்து, விரித்த உள்ளங்கை என்னைப் பார்த்து நின்றது. பொறு.

பொறுத்தேன். அதன் பிறகு கயிறு அசையவில்லை. நீரோட்டமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாமல் நின்றேன் என்று இன்றைக்கு எழுத முடியாது. தெரிந்தது. தெரிந்ததை நம்பப் பயந்தேன். இழுத்து, அவர் சும்மா மேலே வந்து ஏன் தம்பி தூக்கினாய் என்று கேட்டுவிட்டால், காட்சி போய்விடும், வெளிச்சம் போய்விடும். அவள் திட்ட மாட்டாள், என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தேன். ஐந்து பாகத்துக்குக் கீழே ஒரு மனுஷன் இருக்கும்போது, நான் பயந்தது அதற்குத்தான்.

அந்தோணி அண்ணன் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கியவர் கயிற்றைப் பார்த்தார். "ஏலே, தூக்கு" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் என் கை அசைந்தது. இழுத்தால் வரவில்லை. பாறையை இழுப்பதுபோல் கனத்தது. அவர் வள்ளத்துக்குள் ஏறி என்னைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். அவள் கேமராவைப் பலகைமேல் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மூன்று பேரும் இழுத்தோம். கல்லும் சேர்ந்து வந்தது. வளையம் கணுக்காலில் இறுகி, கீழே போனதும் கழற்றியிருக்க வேண்டிய கல் அவர் காலிலேயே இருந்தது.

முகம் நீலம் பாய்ந்திருந்தது. மூக்கிலிருந்து ரத்தம். அந்தோணி அண்ணன் அவரைக் குப்புறக் கவிழ்த்து முதுகை அழுத்தினார். மாதாவே, மாதாவே என்று அவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் சூசை அண்ணனின் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அவர் இருமினார். தண்ணீரைக் கக்கினார். மூச்சு வந்தது.

அந்தோணி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "வெட்டுனானா?"

"இல்லண்ணே. கயிறு அசையவே இல்ல."

சூசை அண்ணன் கண்ணைத் திறந்தார். "இழுத்தனே" என்றார். குரலே இல்லை. "ரெண்டு தரம் இழுத்தனே."

"இல்லண்ணே" என்றேன் மறுபடியும்.

அவர் தன் வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்து, ஏதோ ஊரான் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் ஒன்றும் பயப்பட வேண்டாம், சில நாள் ஓய்வு எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அவர்களிடம் எத்தனையோ தரம் மன்னிப்புக் கேட்டாள். அந்தோணி இல்லாமல் இறக்கியது என் தப்பு என்று மெர்சி அக்காவிடமே சொன்னாள். கயிறு அசைந்தது அவளுக்குத் தெரியாது. நான் நிமிர்ந்து பார்த்ததை, இப்போது இழுக்கலாமா என்று கேட்பதாக நினைத்துத்தான் அவள் கை காட்டினாள். என் வார்த்தையை நம்பினாள். நான் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் திரேஸ்புரம் போய்விட்டு வந்தாள். சூசை அண்ணன் கடலுக்குப் போகவில்லையாம். உடம்பில் ஒன்றும் இல்லை. கைமேல் நம்பிக்கை போய்விட்டது. கீழே மயக்கம் வந்து, இழுக்காமலே இழுத்ததாக நினைத்திருக்கிறேன், நினைப்பே ஏமாற்றுகிற ஆள் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்கிறாராம். ஜன்னல் கம்பி வழியாக ஒரு கயிற்றை விட்டு, மறுமுனையை மெர்சி அக்கா கையில் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்து வெட்டி வெட்டி இழுக்கிறார். "தெரியுதா? இப்போ தெரியுதா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தரம். தெரியுது என்று அக்கா சொன்னாலும் நம்புவதில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறார்.

இதை அவள் கல்லூரி கேண்டீனில் வைத்துச் சொன்னாள். நான் டீயைக் குடித்து முடித்தேன். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனேன். நான் இதுவரை செய்தவற்றில் கேவலமான காரியம் எது என்று கேட்டால், வள்ளத்தில் சொன்ன பொய்யைச் சொல்ல மாட்டேன், அந்த டீயைத்தான் சொல்வேன்.

அந்தக் காட்சியை எடிட் செய்ய உட்கார்ந்தது மறுநாள் மத்தியானம். பெரிய திரையில் அவள் அதைப் போட்டபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். கடலில், வெயிலில், கேமராவின் சின்னத் திரையில் அவளுக்கு என் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. இங்கே எல்லாம் தெரிந்தது. என் முகம், என் கை, கையில் கயிறு. கயிறு வெட்டுகிறது. மறுபடி வெட்டுகிறது. நான் நிமிர்ந்து பார்க்கிறேன். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பது விநாடி.

அவள் நிறுத்தினாள். பின்னால் ஓட்டிப் போட்டாள். மறுபடி நிறுத்தினாள். நீரோட்டம் என்றேன். அவள் மூன்றாம் தரம் போட்டாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"இல்லாததச் சொல்லாத லே. இருக்கதச் சொல்லு."

சொன்னேன்.

வள்ளத்தில் சட்டையோடு கழற்றிப் பக்கத்தில் வைத்த ஒலிப்பதிவுக் கருவியை நான் அணைக்க மறந்திருந்தேன். அந்தப் பதிவை எனக்குத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, கேட்டேன். அந்தப் பத்தொன்பது விநாடியில் அலை இருக்கிறது, பிரவீனின் முனகல் இருக்கிறது, என் மூச்சு இருக்கிறது. 'டப்' இல்லை. ஒரு கையில் கேமரா, இன்னொரு கை என்னைப் பார்த்து உயர்ந்திருந்தது, எப்படி இழுத்துவிடுவாள் என்று கேட்கலாம். அது சரிதான். ஆனாலும் எனக்குத் தோன்றியது வேறு. அந்த நேரத்தில் மட்டும் அவளுக்குப் பயம் இல்லை. எடுக்க நினைத்தது அப்படியே கிடைத்துக்கொண்டிருந்தது. அவளை நினைத்து நான் உண்மையில் பயந்தது அப்போதுதான்.

லேப்டாப்பையும் ஹார்டு டிஸ்கையும் பையில் போட்டுக்கொண்டு திரேஸ்புரம் கிளம்பினாள். நானும் வர வேண்டும் என்றாள். நான் கெஞ்சினேன். அவருக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்றேன். அடிப்பார்கள் என்றேன். கல்லூரிக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் பரீட்சை போய்விடும் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அவரு கயித்த ஜன்னல்ல கட்டி இழுத்துக்கிட்டு இருக்காரு லே" என்று மட்டும் சொன்னாள்.

போனபோது ஜன்னலில் அந்தக் கயிறு கிடந்தது. சூசை அண்ணன் கட்டிலில் இருந்தார். மெர்சி அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தோணி அண்ணனையும் வரச்சொல்லி இருந்தாள். அவள் லேப்டாப்பை ஸ்டூலில் வைத்தாள். 'டப்' என்று கேட்டது. அன்று ஹெட்போன் இல்லாமலே எனக்குக் கேட்டது.

போட்டுக் காட்டினாள். கயிறு இரண்டு தரம் வெட்டியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். விநாடிகள் ஓடின.

அந்தோணி அண்ணன் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அவள் குரல்தான் கேட்டது.

"அண்ணே, இவன் என்னைத்தான் பார்த்தான். பொறுன்னு கை காட்டுனது நான். அது படத்துல தெரியாது."

படத்தில் இருந்தது நான் மட்டும்தான். அவள் பேசாமல் இருந்திருந்தால், பழி முழுக்க என்னோடு போயிருக்கும். கேமராவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்தோணி அண்ணனின் கை தளர்ந்தது. மெர்சி அக்கா என்னைப் பார்த்து, ஏன் தம்பி பொய் சொன்ன என்று கேட்டார். பயந்துட்டேன் அக்கா என்றேன். அழுதேன்.

சூசை அண்ணன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் போடு" என்றார்.

போட்டாள். கயிறு வெட்டியது.

"இன்னொரு தரம்."

ஐந்தாறு தரம் பார்த்திருப்பார். பிறகு மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "பாரு மெர்சி. நல்லாத்தான் இழுத்திருக்கேன். ரெண்டு தரம்." அவர் முகத்தில் எங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

மெர்சி அக்கா திரும்பி அவளைப் பார்த்தார். "எங்க வீட்டு மனுஷன் சாகக் கிடந்தத ஊரு பார்க்கணுமா?"

"நீங்க வேண்டாம்னா இருக்காது அக்கா."

சூசை அண்ணன் தன் போனை நீட்டி, அதில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார். அவள் ஏற்றிக் கொடுத்தாள். அதன் பிறகு மெர்சி அக்காவின் கண் முன்னாலேயே லேப்டாப்பிலிருந்தும் ஹார்டு டிஸ்கிலிருந்தும் அழித்தாள். அவர் போனைத் தவிர வேறு எங்கும் பிரதி கிடையாது. நாலு மாத வேலையில் அந்த ஒரு காட்சிதான் படம். மற்றதெல்லாம் அதற்கு வழி. இனிமேல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று மெர்சி அக்கா சொன்னார். சரி அக்கா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பார்த்தேன், அவள் இடது மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது. பயமா இருந்துச்சா என்று கேட்டேன். "எப்பவும்" என்றாள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டோம்.

அடுத்த வாரம் சூசை அண்ணன் கடலுக்குப் போனதாக பிரவீன் கேள்விப்பட்டு வந்து சொன்னான். முதலில் ஆழம் குறைந்த இடம்தானாம். கயிறு அந்தோணி கையில்.

மீதி இருந்ததை வைத்து அவள் படத்தை முடித்தாள். குளியாள் இறங்குகிறான், கரையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், வீட்டுக்குள்ளிருந்து ஒரு அப்பாவின் குரல் கேட்கிறது. நடுவில் ஒரு ஓட்டை. யார் பார்த்தாலும் தெரிகிற ஓட்டை.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் படம் முடிந்ததும் எங்கள் காகிதங்களைப் புரட்டினார். கதைச் சுருக்கத்தில் கயிறு பிடிக்கிற காட்சி என்று போட்டிருக்கிறதே, அதை எடுக்கவில்லையா என்று கேட்டார். எடுத்தோம் சார் என்றாள். அப்படியானால் எங்கே என்றார்.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தாள். 'டப்' என்று கேட்டது.

"எங்ககிட்ட இல்ல சார்."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.